திருப்பிச் சொல்லச் சொல்லும் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் எங்களைக் கடைக்கு அனுப்பும் அழகே தனி. "அரை கிலோ வெங்காயம், ஒரு சோப்பு, ஒரு பல்பு" என்பார். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. "திருப்பிச் சொல்லு" என்பார். வெங்காயம், சோப்பு, பல்பு என்று ஒப்பிக்க வேண்டும். அவர் வாயிலிருந்து "சரி" வந்தால்தான் வாசலைத் தாண்டலாம். அவர் முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு அவர் 'திருப்பிச்சொல்லு'தான். நேரில் மட்டும் அத்தான்.

அவர் பார்த்த வேலை அப்படி. விமான நிலையத்தில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இறங்க வரும் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது. நெரிசல் என்றால் அவை ஒன்றன் மேல் ஒன்றாக வட்டமடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம். எதுவரை இறங்கலாம் என்று அத்தான் சொல்வார், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடிக்க வேண்டும். விட்டால் போச்சு.

அந்த நாற்காலியை விட்டு நினைத்தபோது எழவும் முடியாது. மாற்று ஆள் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்து, எது எங்கே என்று கேட்டுக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். இதை வைத்து அக்கா அவரை ஓட்டாத நாளில்லை. காபி கேட்டால், டிவி முன்னால் காலை நீட்டியபடி, "மாத்தி விட ஆள் வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்பாள். பாவம் மனிதர், தானே போய்ப் போட்டுக்கொள்வார்.

அக்காவுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை அவளேதான் விரட்டினாள். "மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்தா எனக்கு இன்னும் சீக்கு ஏறும். வேலைக்குப் போங்க." இன்னும் சில வாரம் தாங்கும் என்று டாக்டரும் சொன்னார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே மத்தியானம் அக்காவுக்கு மூச்சு திணற ஆரம்பித்தது. அவர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவருடைய மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டு, "உடனே அனுப்புங்க சார்!" என்று கத்தினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கே நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னார். நாற்காலியில் இருப்பவரிடம் வீட்டுச் செய்தியைச் சொல்ல மாட்டார்களாம். மேற்பார்வையாளர் மாற்று ஆளை மட்டும் அனுப்பியிருக்கிறார். நேரமாகாமலேயே பின்னால் ஆள் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று அத்தானுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தார். வந்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சரியாக அப்போதுதான், ஏழாயிரம் அடிவரை இறங்கலாம் என்று அத்தான் சொல்லியிருந்த ஒரு விமானி, ஆறாயிரம் என்று திருப்பிச் சொன்னார். ஆறாயிரத்தில் மேகத்துக்குள் இன்னொரு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"இல்லை, ஏழாயிரம். திருப்பிச் சொல்லுங்கள்" என்றாராம் அத்தான். குரல் துளிகூட மாறவில்லையாம். அந்த விமானம் ஏழாயிரத்தில் நின்றதைத் திரையில் பார்த்துவிட்டு, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்படைத்து, "நான் பாத்துக்கறேன்" என்று கேட்ட பிறகே ஹெட்போனைக் கழற்றினார்.

அவர் வந்து சேர்ந்தபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வராந்தா என்றும் பார்க்கவில்லை. "எப்பவோ போன் பண்ணேன். அத்தனை பேர் இருக்கற எடத்துல ஒரு ஆள் எழுந்து வர முடியாதா அத்தான்?"

நனைந்த சட்டையோடு நின்றார். "கடைசியா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

சொன்னாள். என் ஆத்திரமே அதுதான். நான் போனில் கத்தியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள், என் கையைப் பிடித்து இழுத்து, மூச்சுக்கு நடுவில் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அவர அவசரப்படுத்தாத. மாத்தி விட ஆள் வராம எழுந்திரிக்க வேணாம்னு சொல்லுன்னா."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணியது. பிறகு மெதுவாக, ஒரு சொல் விடாமல், "மாத்தி விட ஆள் வராம எழுந்திரிக்க வேணாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதற்காக நிற்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது.

"சரி, அத்தான்" என்றேன்.

அப்புறம்தான் உள்ளே போனார்.