ஒரு புள்ளியில் தோற்ற அன்று அவள் வந்திருந்தாள்

சார், ஆட்டத்துக்கு அவள் வரவில்லை என்று நீங்கள் எழுதியது பொய். தெரிந்தே எழுதிய பொய். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்ததே நீங்கள்தான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஸ்கூடாயில் நாங்கள் படித்த கல்லூரியின் விளையாட்டுப் பிரிவு அதிகாரி. இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறீர்கள். நான் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவள். அவள் எங்கள் அணியிலேயே உயரமானவள். லாபிஸ் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எதிரணிக்காரி போடும் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் அதை எட்டிப் பிடிப்பது அவள் வேலை. பிடித்து என்னிடம் எறிவாள், நான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மூன்று செமஸ்டர் அப்படித்தான் ஆடினோம்.

எங்கள் இருவரின் அப்பாவுக்கும் ஒரே பெயர். சொந்தபந்தம் எதுவும் இல்லை. என் அப்பா குளுவாங் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர். ஆனால் அந்தப் பெயரை அந்தக் காலத்தில் சாமி வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு எங்கள் சொந்தப் பெயர் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும்.

இது ஒரு பிரச்சினையே இல்லை. நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/பி’ என்று இருக்கும், இன்னாரின் மகள் என்று. ஆண்களுக்கு ‘ஏ/எல்’. அப்பா பெயர் நம் பெயர் இல்லை, அடையாளத்துக்குப் பின்னால் நிற்பது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் உங்கள் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. வேறு இனத்து அதிகாரி யாராவது குழம்பியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

போட்டி நடத்துகிறவர்களின் ஆன்லைன் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் அதில் எங்கள் அப்பா பெயரைப் போட்டு, எங்கள் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினீர்கள். ஜெர்சியும் அப்படியே அச்சடித்து வந்தது. நான் ஏழு, அவள் பதினான்கு. இரண்டு முதுகிலும் ஒரே ஆம்பளைப் பெயர்.

நாங்கள் கேட்டோம், மறந்திருக்க மாட்டீர்கள். மாற்றித் தரச் சொல்லி உங்கள் அறைக்கே வந்தோம். நீங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: “குடும்பப் பேரு போட்டாத்தாம்மா இன்டர்நேஷனல் ஸ்டைலு. அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு, நல்லாத்தான இருக்கு?”

எங்கள் கோச் ஒரு சீனப் பெண்மணி. அவர் இந்தக் கூத்தில் கலந்துகொள்ளாமல் எங்களை எண் சொல்லியே கூப்பிட்டார். மற்றவர்கள் விடவில்லை. நான் பந்தைப் போட்டால் டேவான் மண்டபத்தில் பாதிப் பேர் என் அப்பா பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். ஒரு தடவை அப்பா ஆட்டம் பார்க்க வந்திருந்தார். கூட்டம் தன் பெயரைக் கத்தியதும் எழுந்தே நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “இந்த மூட்டு வலியோட என்னைய பாஸ்கெட்போல் ஆட வச்சிட்டாங்க” என்றார். நாங்களும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அது வரைக்கும் இருந்தது.

அந்த ஆட்டம் மலாக்காவிலிருந்து வந்த கல்லூரியோடு, எங்கள் டேவானிலேயே. ஜெயித்தால் இறுதி ஆட்டம். சனிக்கிழமை மதியம், நல்ல மழை. டேவான் கூரை ஒழுகும் இடத்தில் வழக்கம்போல் இரண்டு வாளி வைத்திருந்தார்கள். அவள் எனக்கு முன்பே வந்து ஷூ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் வீட்டுக்கு வரவில்லை, ஆட்டம் இருக்கிறது என்று காலையில் அவள் அம்மாவுக்கு போன் செய்ததை என்னிடம் சொன்னாள். இதை நினைவில் வையுங்கள், சார்.

ஸ்கோர் மேசையில் இருந்த மலாய் அக்கா எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பட்டியலைச் சரிபார்த்தார். என் பெயருக்கு டிக் போட்டார். அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், விரலை மேலிருந்து கீழே இறக்கினார், திரும்ப ஏற்றினார். பதினான்காம் எண் இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, அது ஏழாம் எண் என்றார்.

உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் போனைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

“அலமாக், அடடா. ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்குன்னு ஒண்ண அழிச்சிட்டேன்லா.”

தமிழில்தான் சொன்னீர்கள். அதனால் மேசையில் இருந்தவருக்கும் கோச்சுக்கும் புரியவில்லை. எனக்கும் அவளுக்கும் புரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஜெர்சி எண் இருந்தது, அதற்குப் பக்கத்தில் மாணவர் எண் இருந்தது. இரண்டுமே வேறு வேறு. அதைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? மூன்று செமஸ்டராக அந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஓடுகிறாள் என்றா நினைத்தீர்கள்?

இந்த ஆட்டத்துக்கான பட்டியலை முந்தின நாளே மூடிவிட்டார்கள், இனிமேல் சேர்க்க முடியாது என்றார் அந்த அக்கா. கோச் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. அவள் ஆடவும் முடியாது, அணியின் பெஞ்சில் உட்காரவும் முடியாது. நீங்கள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஜாக்கெட்ட போட்டு மூடிக்கம்மா, ஜெர்சிய பாத்தா அந்த டீம்காரங்க எதுனா கெளப்புவாங்க” என்றீர்கள். அவள் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு என் பக்கம் வந்தீர்கள். இதைப் பெரிதாக்காதே, ஜெயித்துவிட்டால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றீர்கள். நான் தலையாட்டினேன். கேப்டன் நான். அந்த இடத்திலேயே கோச்சிடம் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஆட்டம் தொடங்கப் போகிறது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தப்பை நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் முதல் செமஸ்டர் பெண் ஒருத்தி நின்றாள். பாவம், உயிரைக் கொடுத்து ஆடினாள், எட்டவில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் மலாக்காக்காரிகள் கையில் போய் விழுந்தது. அப்படியும் நாங்கள் விடவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருக்கவில்லை, எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்திக்கொண்டே இருந்தாள். “பின்னால பாரு, பின்னால! ஏய் ஏழு, அப்பா பேர காப்பாத்துடி!” ஓடுகிற ஓட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் ஆடியதில் பாதி அவள் கத்தியதைக் கேட்டு ஆடியதுதான்.

கடைசியில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பத்துப் பன்னிரண்டு வினாடிதான் பாக்கி. அவர்கள் போட்டார்கள், தவறியது. பந்து வளையத்தின் இடது பக்கம் பட்டு மேலே எழும்பியது. அவள் எப்போதும் நிற்கும் இடம் அது. எங்களில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம், பழக்கதோஷத்தில், அவள் பிடித்துவிடுவாள் என்று. அவர்களில் ஒருத்தி பிடித்து உள்ளே போட்டாள். நான் பந்தை வாங்கி அந்தக் கோடி வரைக்கும் ஓடி எறிந்தேன். வளையத்தைச் சுற்றி வெளியே போனது. மணி அடித்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அவள் இறங்கி வந்து என் முதுகில் ஒன்று போட்டாள். “உங்கப்பா தோத்துட்டாரு. எங்கப்பா ஆடவே இல்ல” என்றாள். கோபமெல்லாம் அவளுக்கு இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அத்தோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை கல்லூரியின் முகநூல் பக்கத்தில் உங்கள் அறிக்கை வந்தது. அணி கடுமையாகப் போராடியது என்று ஆரம்பித்து, முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்துக்கு வராததால் சொற்ப வித்தியாசத்தில் தோற்றது என்று முடித்திருந்தீர்கள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்றோ என்னவோ, பதினான்காம் எண் என்றும் போட்டிருந்தீர்கள். பெயரை ஒழுங்காகப் போட முடியாதவருக்கு அன்றைக்கு மட்டும் எண் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மதியத்துக்குள் அது லாபிஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. கூலாயில் இருக்கும் அவளுடைய சித்தி ஒருத்தி பார்த்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். அவள் அம்மாவின் போன் வந்தபோது நான் ஹாஸ்டலில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்ததும் ஒரே கேள்வி: “மேட்ச்சுன்னு சொல்லிட்டு எங்கடி போன?”

அவள் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். லிஸ்ட்டில் பெயர் விட்டுப்போனது, உட்கார்ந்து பார்த்தேன் என்றாள். அப்படியென்றால் நீ வரவில்லை என்று உன் கல்லூரி ஏன் எழுதுகிறது என்றார்கள். நான் போனை வாங்கிப் பேசினேன். “நீ அவ கூட்டாளி. நீ அப்படித்தான் சொல்லுவ” என்றார் அவள் அம்மா. படம் இருக்கும் என்று கல்லூரியின் முகநூல் பக்கத்தில் போய்த் தேடினோம். கூட்டத்தின் படம் ஒன்றே ஒன்றில் அவள் ஓரமாகத் தெரிந்தாள். கறுப்பு ஜாக்கெட், கழுத்து வரைக்கும் ஜிப். அது எந்த ஆட்டத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம் என்றான் அவள் அண்ணன். ஆட்டக்காரியாக இருந்தால் ஜெர்சி எங்கே என்று கேட்டான்.

ஒரு பெண் இருக்கிறேன் என்று சொன்ன இடத்தில் இல்லை என்றால் நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை உங்கள் அறைக்கு வந்தேன். ஒரு வரி திருத்தச் சொன்னேன், வேறு எதுவும் கேட்கவில்லை. “வரலன்னா ஆடலன்னு அர்த்தம்லா. ஒரு வார்த்தைய புடிச்சிக்கிட்டு தொங்காத” என்றீர்கள். மலாயில் வராததற்கு ஒரு சொல்லும் ஆடாததற்கு ஒரு சொல்லும் இருக்கின்றன. தமிழிலும் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் இருக்கின்றன. எந்த மொழியிலும் அந்த இரண்டும் ஒன்று இல்லை. நான் நகராமல் நின்றதும், கல்லூரி இயக்குநர் வெளியூரிலிருந்து வரட்டும், பார்க்கலாம் என்றீர்கள். இயக்குநர் வந்தார், போனார். வரி அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் அண்ணன் வேனோடு வந்து அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். டிப்ளோமாவுக்கு இரண்டு செமஸ்டர் பாக்கி இருந்தது. இப்போது சிகாமட்டில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களிடம் பெயர் கேட்டு எழுதுகிற வேலை. பந்தை அதற்குப் பிறகு தொடவில்லை. நான் படிப்பை முடித்து, சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் தாண்டிப் போய் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் கல்லூரியின் முகநூல் பக்கம் பழைய நினைவுகள் என்று சொல்லி உங்கள் அறிக்கையைத் திரும்பப் போட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவள் அண்ணன் அதை எடுத்து வீட்டுக் குழுவில் போட்டு, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் கழித்து. அவள் அதை எனக்கு அனுப்பினாள்.

நான் அந்தப் பதிவின் கீழே நடந்ததை நாலு வரியில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் என் கருத்து காணாமல் போனது. அழிப்பதில் மட்டும் உங்கள் பிரிவுக்கு வேகம் குறையவில்லை. அன்று சாயங்காலம் உங்களிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்தது. பழசைக் கிளறாதே, எதுவாக இருந்தாலும் நேரில் வா, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுது. எம் பேரு வேணாம். அவரு பேரையும் போடாத. அவரே போட்டுக்கட்டும்” என்றாள். அதனால்தான் இதில் ஒரு பெயரும் இல்லை.

தேத்தண்ணி எனக்கு வேண்டாம், சார். என்னிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது? நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றவள், எனக்கு எல்லாம் தெரியும். தெரிய வேண்டியவர்கள் லாபிஸில் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் அறைக்கு வர மாட்டார்கள், கல்லூரிப் பக்கத்தில் போட்டதைத்தான் நம்புவார்கள். அதனால் அந்தப் பதிவுக்கு நேர் கீழே, எல்லோரும் படிக்கிற மாதிரி, மலாயிலும் தமிழிலும், உங்கள் முழுப் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை மதியம் பதினான்காம் எண்காரி டேவானுக்கு வந்தாளா, இல்லையா? வந்தவளை ஜாக்கெட் போட்டு மூடிக்கொள்ளச் சொன்னது யார்?