மூடியைத் தூக்கிய சம்பந்தி

ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் அவர். உயரமானவர், நெற்றியில் எப்போதும் ஒரு சுளிப்பு. முட்டை வடிவப் பீங்கான் கரியடுப்பு ஒன்று வைத்திருந்தார். மேல் துவாரத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். பிறகு காற்று நுழையும் கீழ்க்கதவை நூலளவு சாத்துவார். யாரையும் கிட்டே விடமாட்டார்.

அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் முதல் விருந்துக்கு வந்தது தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நானும் போயிருந்தேன். விடியலில் வைத்த ஆட்டுத்தொடை மதியம் தாண்டியும் வெந்துகொண்டிருந்தது. பசி பொறுக்காத மாப்பிள்ளையின் அப்பா அடுப்பு மூடியைத் தூக்கினார். இவர் பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சம்பந்தி கையவே தட்டுறீங்களா?"

"யாரா இருந்தா என்னலா? காத்து உள்ள போனா நெருப்பு ஏறிரும். இந்தப் பீங்கான் சூடு ஏறுனா லேசுல இறங்காது. எறச்சி கட்டையாயிரும்."

"அப்ப அந்த ஆட்டுத்தொடையவே மருமகனா வச்சுக்குங்க!"

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. மகள் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுதாள். அவர் வாசல் பக்கம் திரும்பவேயில்லை. துவாரத்தின் மேல் கையை நீட்டியபடி நின்றார்.

மாலையில் எனக்கும் ஒரு தட்டு வந்தது. தொட்டதும் இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றது. அது அவ்வளவு நன்றாக இருந்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.