மீசைக்கார காவல்சாமி

மலேசியாவுல, சிம்பாங் ரெங்கம் பக்கத்துல ஒரு எஸ்டேட் கோயில். முனீஸ்வரனுக்குப் பக்கத்துல மாலை போட்ட படம் ஒண்ணு, பெரிய மீசையும் கையில தடியுமா. எனக்குச் சிரிப்பு வருது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால்காரர். ஊருக்கு உதவாத இந்த அறிவு ஒண்ணுதான் என் சொத்து. சும்மா இருக்க முடியுமா?

சாமான் கட்டிக்கிட்டிருக்கிற பூசாரி அக்காகிட்ட சொல்றேன்: "இவரு சாமி இல்லக்கா, பந்து விளையாடுனவரு. அந்தக் காலத்துல இவங்கல்லாம் வெறுங்கையில பந்து புடிச்சு விரலெல்லாம் உடைஞ்சவங்க. முதலாளி இவங்கள எந்த டீமுக்கு வித்தாலும் போயாகணும்."

அக்கா நிமிரல. "எங்க தோட்டத்தையும் வித்தாச்சு லா. வாங்குனவன் நாளைக்குக் கோயில இடிக்க வர்றான்."

அப்புறம் படத்தைக் கழட்டி, துண்டுல சுத்தி என் கையில தர்றாங்க.

"அப்ப இவரும் நம்மாளுதான். வண்டியில ஏத்துங்க தம்பி."