தும்பிக்கை வைத்த லை

அக்காவின் கணவர், எனக்கு மச்சான், குவைத்திலிருந்து ஆறு மாத விடுப்பில் வந்து, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பழைய ஸ்கூட்டர்களுக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் திறந்தார். விடுப்பு முடிவதற்குள் வண்டிகள் வர ஆரம்பித்தால் இங்கேயே இருந்துவிடுவார். இல்லையென்றால் மறுபடி குவைத்து. அக்காவுக்கும் அவருக்கும் அப்படித்தான் பேச்சு.

பாதி விடுப்பு கரைந்தும் வந்தது இரண்டே வண்டி. கடைக்குப் பழைய களை இல்லாததுதான் காரணம் என்று மச்சான் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பெட்ரோல் பங்க் விளம்பரம் போல, துருவையும் சேர்த்தே அச்சடித்த தகர போர்டு ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். கடை தொடங்கிய வருஷம் என்று அதில் போட்டிருந்த வருஷத்தில் அவருடைய அத்தாவே பிறந்திருக்கவில்லை.

எனக்கு வருஷம் தப்பினால் சோறு இறங்காது. "பொய்யின்னாலும் பொருந்தணும் மச்சான். தமிழ்ல எழுதுங்க. 1978ல எழுத்தை மாத்தறதுக்கு முன்னாடி 'லை'க்குக் கொம்புக்குப் பதிலா யானைத் தும்பிக்கை இருந்துச்சு. அந்த 'லை' போட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றேன்.

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊரில் தகரம் எதற்கு? பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்காரப் பெண்மணியிடம் போனோம். 'ஸ்கூட்டர் வேலை' என்று எழுதி, மூலையில் கொஞ்சம் சிதைத்துத் தரச் சொன்னார் மச்சான்.

"மூளியா இருந்தா நாங்க வெளிய தூக்கிப் போட்டுடுவோம். அதையா காசு குடுத்துக் கேக்குறீங்க?"

"பழசா தெரியணும்க்கா."

"அப்போ வாங்கிட்டுப் போயி பத்து வருசம் வச்சிருங்க."

கண்ணாடி போலப் பளபளவென்று வந்தது பலகை. மச்சான் தானே சுத்தியல் எடுத்து மூலையில் ஒரு தட்டுத் தட்டினார். 'ஸ்கூட்டர்' பொடிப்பொடியாகிவிட்டது. தும்பிக்கையோடு 'வேலை' மட்டும் தப்பியது. அதைக் கேட்டில் மாட்டினார்.

கல்லூரிப் பிள்ளைகள் அது என்ன டிசைன் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். படிக்கத் தெரிந்தவர்களெல்லாம் தலை நரைத்தவர்கள். முதலில் வந்தவர் ரிட்டயர்டு ஆளாகத் தெரிந்தார்.

"என்னா வேலைங்க, வாட்ச்மேனா, கணக்கா?"

"வேலை எதுவும் இல்லீங்களே."

"அப்புறம் எதுக்குப் போர்டு?"

மச்சான் 'ஸ்கூட்டர்' உடைந்த கதையைச் சொன்னார். வந்தவர் காலியான கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒனக்கே வேலை இல்லாமதான் ஒக்காந்திருக்கியா? எங்க வூட்டுல ஒரு ஸ்கூட்டரு சும்மா கெடக்குது. பாக்குறியா?"

தும்பிக்கை வைத்த 'லை'யைப் படிக்கிற வயசுக்காரர்கள் வீட்டில்தான் அந்தக் காலத்து ஸ்கூட்டரும் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. அடுத்து வேலை கேட்டு வந்தவரிடம் மச்சான் முந்திக்கொண்டார்: "வேலை இருக்குதுங்க. ஆனா அத நீங்கதான் கொண்டாரணும்."

விடுப்பின் கடைசி வாரம் டிக்கெட் போடுவதா என்று கேட்க அக்கா கடைக்கே வந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஸ்கூட்டர்களுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "ராத்திரிச் சாப்பாட்டுக்காவது வூட்டுக்கு வருவீங்களா?" என்றாள்.