துரோகிக்குப் பிடித்துவைத்த சீட்

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் வடியவில்லை என்று நேற்று இங்கே எழுதியிருந்தேன். முதல் ஆளாக வந்து "தேசத்துரோகி" என்று கமென்ட் போட்டவர், எங்கள் வார்டின் கட்சிச் செயலாளர்.

இன்று காலை கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் கட்சித் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

"உக்காரு மாப்ள."

உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் காதருகே குனிந்தார்.

"எங்க வூட்டு வாசல்லயும் முழங்கால் தண்ணி. அதையும் சேத்து எழுதிடு."

"நீங்களே எழுதுங்களேன் மாமா."

"நான் எழுதுனா துரோகின்னுடுவாங்க. உன்னதான் ஏற்கனவே சொல்லியாச்சே."

இதோ, எழுதிவிட்டேன். இன்றும் முதல் ஆளாக வந்து திட்டுவார். யாரும் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாவம், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் டைப் செய்வார்.