அட்டையில் இல்லாத வரி

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் புனே தமிழ்ச் சபையில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷம் முழுவதும் நமக்கு. ஒரு வருஷம் எனக்கு வந்தது, சிதறியவர்களைக் கூட்டிச் சேர்ப்பேன் என்ற வசனம். மகன் துபாயில், மகள் டெல்லியில். இருவரும் திரும்பிவிடுவார்கள் என்று நம்பி அலமாரியில் ஒட்டிவைத்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. இருவருக்கும் லீவு இல்லையாம். முந்திரிக்கொத்து சுட்ட களைப்பில், அட்டையைப் பிய்த்தெடுத்தேன்.

"எதுக்குக் கிழிக்க? அதுக்கு முன்னால என்ன இருக்குன்னு வாசிச்சியா?" என்றார் கணவர்.

வேதத்தைத் திறந்தேன். கீழ்ப்படியாத ஜனத்தைத் தேசங்களில் சிதறடித்ததே கர்த்தர்தான். அது நியாயத்தீர்ப்பு. அட்டை அச்சடித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

"நாம என்னங்க பாவம் செஞ்சோம்?"

சலிப்போடு மேலே வாசித்தேன். சிதறடித்தவரே, அவர்கள் போன தேசங்களில் அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாகவும் இருப்பாராம். கூட்டிச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

சாயங்காலம் மகன் போன் செய்தான். எப்போதும் போல "எப்பப்பா வருவே?" என்று கேட்க வாய் வரவில்லை.

"அங்க ஆராதனைக்குப் போறியாப்பா?"

"வெள்ளிக்கிழமை எங்க வீட்லதான் நாலு தமிழ்க் குடும்பம் கூடுதோம்மா. ரொம்ப நாளா நடக்கு. நீங்க கேட்டதே இல்லையே."

புனேக்கு வந்த புதிதில் நாங்களும் ஏரவாடாவில் ஒற்றை அறையில் அப்படித்தான் கூடினோம். அந்த வருஷங்களில் ஊரில் என் அம்மா எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளோ, நானும் கேட்டதே இல்லை.