மூக்கில் பட்ட இடியும் மூச்சு தந்த ஆண்டவரும்

மூன்று வருஷமாக எனக்குத் தூக்கம் என்றாலே பயமாக இருந்தது. அண்ணனூரில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில்தான் படுப்பேன். கண் அசந்ததும் தண்ணீருக்குள் இருப்பேன். ஒரு கை என் கழுத்தைச் சுற்றியிருக்கும். மூச்சு வராது. பதறி எழுந்தால் வாய் வறண்டிருக்கும், இடது மூக்கு அடைத்திருக்கும்.

அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் சேவியருடையது.

எனக்குப் பத்தொன்பது வயதில் அவன் கொரட்டூர் ஏரியில் மூழ்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் நீந்திப் போய்ப் பிடித்துவிட்டேன். பயத்தில் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். திமிறியபோது அவன் முழங்கை என் மூக்கில் இடித்தது. கண் இருண்டது. நான் அவனை விட்டுவிட்டேன்.

அம்மாவிடம், "நான் போறதுக்குள்ள முழுகிட்டான்மா" என்று சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பொய்யோடுதான் வாழ்ந்தேன்.

"தூங்கசொல்ல உங்களுக்கு மூச்சே நின்னு பூடுது. உலுக்கி எழுப்பிகினே கீறேன். எனக்கு பயமா கீதுங்க" என்று என் மனைவி ஸ்டெல்லா அழுவாள். அண்ணன்தான் பேயாக வந்து அழுத்துகிறான் என்று நம்பினேன், ஆனால் அவன் பேரை எடுக்கவே மாட்டேன். "ஆண்டவரே, அவனை என்னிடமிருந்து அகற்றும்" என்று தினமும் மன்றாடினேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன தவக்காலத்தில் ஒருநாள் கோயிலில் முழங்காலில் இருந்தேன். அந்த ஜெபம் வாயில் வரவில்லை. அவனைத் துரத்தச் சொல்ல நான் யார்? "உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

அதே வாரம் ஸ்டெல்லா என்னை அம்பத்தூரில் ஒரு காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர் இடது பக்கமா வளைஞ்சிருக்கு. பழைய அடி மாதிரி தெரியுது. வயசும் வெயிட்டும் ஏறினதுல தொந்தரவு கூடியிருக்கு. எப்போ அடிபட்டுச்சு?"

ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏரியில" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தார்கள். அது வீக்கத்தைக் குறைத்தது, சுவரை நிமிர்த்தவில்லை. பிறகு ஆபரேஷன். "மூக்கு சரியாயிடும். கனவுக்கு நான் கேரண்டி இல்ல" என்றார் டாக்டர். இரண்டு நாள் மூக்கை அடைத்து வைத்திருந்தார்கள். வாயால் மூச்சு விட்டபடி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அடைப்பை எடுத்துச் சில நாளில் இடது பக்கம் காற்று நுழைந்தது. சில்லென்று இருந்தது. அழுதுவிட்டேன்.

உடம்பு தேறியதும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அவன் ரொம்ப பயந்தானாடா?"

"ஆமாம்மா."

"தம்பியாண்டதானே கீறோம்னு அவனுக்கு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி என்னை மடியில் சாய்த்துக்கொண்டார்.

இப்போது மூச்சு நிற்பதில்லை. அண்ணன் எப்போதாவது கனவில் வருகிறான். எழுந்து அவன் ஆன்மாவுக்காக ஜெபிக்கிறேன்.

சகோதர சகோதரிகளே, தூக்கத்தில் மூச்சுத் திணறினால் பேய் என்று நினைத்து என்னைப் போல் வருஷங்களை வீணாக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். யாரிடமும் சொல்ல முடியாதது ஏதாவது உங்களுக்குள் இருந்தால், அதை முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்குக் காட்டிய வழியை உங்களுக்கும் காட்டுவார்.